வெளிச்சம் பட்ட பிலிம்

சென்னை
8-2-1987

அன்புள்ள தெரசாள் அக்காவுக்கு,

பிரின்ஸ் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் நின்றதா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. 'பரவாயில்லை' என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்ளாதே.

காலேஜில் போட்டோ கழுவும் இருட்டறை வேலை தொடங்கிவிட்டது அக்கா. மருந்துத் தண்ணீரில் கைவைத்து விரல் நுனியெல்லாம் மஞ்சள். வெற்றுத் தாளைப் போட்டு ஆட்டினால் கொஞ்சங் கொஞ்சமாக உருவம் எழும்பி வருகிறது. முதல் தடவை பார்த்துக்கொண்டே நின்றதில் தாளை எடுக்க மறந்து, அது முழுக்கக் கறுத்துவிட்டது. இப்போது என்னென்னவோ செய்து பார்க்கிறேன். கேமராவே இல்லாமல் தாளின் மேல் வேப்பங்கொத்தை வைத்து, வெளிச்சம் காட்டிப் படமாக்கினேன். பாதி கழுவும்போது விளக்கைப் போட்டு அணைத்தால் ஓரமெல்லாம் வெள்ளிக் கோடு விழுகிறது.

இப்போது பித்துப் பிடித்திருப்பது வேறொன்றின் மேல். ஒரே பிலிமில் இரண்டு முறை படமெடுப்பது. ஒரு சுருளை முழுக்க எடுத்து முடித்து, பின்னால் சுற்றி, மறுபடி போட்டு வேறு காட்சியை எடுத்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். இரண்டு தடவையும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

"எல்லாரும் மெரினாவையும் படகையும் எடுத்துட்டு வர்றீங்க. உங்க ஊர்ல இருந்து ஏதாவது கொண்டு வாங்கய்யா" என்று எங்கள் சார் சொன்னார். அதற்காகத்தான் பொங்கலுக்கு வந்தபோது பண்ணைக்காரரின் தெக்குக் காட்டில் ஒரு சுருள் எடுத்தேன். பருத்தி வரிசையும் கரிசலில் விழுந்த வெடிப்பும் மட்டும். அப்பா பார்த்துவிட்டு, "ஏலே, இங்க ஏன்லே வந்த? உன் நெழலு இந்தக் காட்டுல விழக் கூடாதுன்னுதான படிக்க அனுப்புனேன்" என்று விரட்டினார். அந்தச் சுருளின் நுனியை அடையாளத்துக்கு மடித்து வைத்திருக்கிறேன். மேலே எதைப் படிய வைப்பதென்று இன்னும் தோன்றவில்லை.

அன்புத் தம்பி,
பிரின்ஸ்


எம்.ரெட்டியபட்டி
25-2-1987

அன்புத் தம்பி பிரின்ஸுக்கு,

அம்மாவின் முழங்கால்: அப்படியேதான் இருக்கிறது. அப்பாவின் இருமல்: பகலில் இல்லை. தனித்தனியாகச் சொல்லிவிட்டேன், திருப்தியா? நீ மருந்துக் கையோடு சோறு சாப்பிடாதே. நன்றாகக் கழுவு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். "ஊரு பூரா எடுத்தானே, அவுக அப்பாவ ஒண்ணு எடுத்தானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்பா முகம் எந்தப் போட்டோவிலும் இல்லை. சின்ன வயதில் கோயிலில் எனக்குப் புதுநன்மை கொடுத்தபோது எடுத்த குரூப் போட்டோவில்கூட பின்வரிசையில் அவர் துண்டு மட்டும்தான் தெரிகிறது. கேட்டால், "இந்த மூஞ்சியப் புடிச்சு வச்சு என்ன செய்யப் போறீக?" என்கிறார். அடுத்த லீவுக்கு நீ வந்து கெஞ்சினால் உட்காருவார். நீ கேட்டு எதை மறுத்திருக்கிறார்?

நான் தைத்து அனுப்பிய சட்டை தோளில் பிடிக்கிறதா என்று எழுது.

அக்கா,
தெரசாள்


எம்.ரெட்டியபட்டி
30-3-1987

தம்பிக்கு,

நீ பஸ் ஏறிப் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மா எழுந்து நடமாடுகிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி என்ன எழுத?

அப்பா போய் இன்றைக்குப் பதினாறு நாள். பருத்திமாறு பிடுங்கிக்கொண்டிருந்தவர் தெக்குக் காட்டிலேயே சாய்ந்துவிட்டார் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. பண்ணைக்காரர் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போகட்டும்.

ஏப்ரல் பதின்மூன்று, முப்பதாம் நாள் பூசை. அதற்குள், அடக்கத்தன்று அப்பாவின் பெட்டியருகே நீ எடுத்த போட்டோவை அனுப்பிவிடு. அருப்புக்கோட்டை ஸ்டுடியோ சோலைச்சாமி அண்ணனிடம் கொடுத்தால் டச்சிங் செய்து, கண் திறந்திருப்பதுபோல் வரைந்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பிரேம் போட்டுத் தருவார். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் மாட்டியிருப்பது அவர் கண் திறந்து வைத்த படங்கள்தான்.

அவரிடம் போக எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கேமராவும் கையுமாக வந்து நின்றவரை, "எங்க வீட்டுலயே போட்டோ படிக்கிறவன் இருக்கான்ணே" என்று சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன். அழுகைக்கு நடுவிலும் எனக்கு அப்படி ஒரு பெருமை. அவர் கோபிக்கவில்லை. "நல்லது தாயீ, புள்ள எடுக்குறதுதான் மொறை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ஆணி அடித்துவிட்டாள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே.

அக்கா,
தெரசாள்


சென்னை
24-4-1987

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மன்னித்துவிடு. பூசைக்கு வர முடியாமல் போனதற்கும்.

போட்டோ வரவில்லை அக்கா. பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது. அவசரத்தில் மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. கழுவிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பரீட்சை நெருங்குகிறது. அடுத்ததை விவரமாக எழுதுகிறேன்.

பிரின்ஸ்


எம்.ரெட்டியபட்டி
6-5-1987

அன்புத் தம்பிக்கு,

முதலில் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அப்பாவை இழந்த பிள்ளை கேமராவைப் பிடித்து நின்றதே பெரிய காரியம். கை நடுங்கியிருக்கும். யாராக இருந்தாலும் நடுங்கும். பரீட்சைக்குப் படி.

அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆணியைப் பிடுங்கவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "அன்னைக்கு அவன் அடுப்படிக்கிட்ட நின்னு ரெண்டு பிலிமு டப்பாவயும் கையில வச்சு மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தானே. அந்த இன்னொண்ணுல எதுவும் இல்லையாமா?" என்றாள். தேடிப் பார். இல்லையென்றால் இல்லைதான்.

இந்த வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் படம் வைத்து மெழுகுதிரி ஏற்றும்போது நாம் சிலுவையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மோர் வாங்கிக் குடி. வெயிலில் அலையாதே.

அக்கா,
தெரசாள்


சென்னை
12-7-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகம் கேட்டு எழுதி இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஜுரம் வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன், இப்போது தேவலை. அம்மாவை டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினாயா?

பரீட்சையில் தேறிவிட்டேன். மாணவர்களுக்கான ஒரு போட்டோ போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. புது முறையில் எடுத்த ஒரு படம். கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். சார் என் தோளைத் தட்டி, "இப்பதான்யா நீ உன் ஊரைக் கண்டுபிடிச்சிருக்க" என்றார். கேடயம் ஒன்று கொடுத்தார்கள். அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இதை யாரிடமும் பெரிதாகச் சொல்ல வேண்டாம். இந்த லீவுக்கு நான் வரவில்லை.

பிரின்ஸ்


எம்.ரெட்டியபட்டி
29-8-1987

பிரின்ஸுக்கு,

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் ஜுரம் திரும்ப வரவில்லையே?

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். அம்மா கேட்கவில்லை. ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். செல்லக்கிளி மதினி, "என்ன போட்டோவுக்காம்?" என்று கேட்டதற்கு, "நம்ம ஊரத்தான் எடுத்தானாம்" என்று நிமிர்ந்து சொன்னாள். இது ஜூலைக் கடைசியில் நடந்தது.

பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்றால், ஆகஸ்டு முதல் வாரம் சோலைச்சாமி அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "ஸ்டுடியோவுக்கு வர்ற பத்திரிகை தாயீ. கடைகள்லயும் தொங்குது. நீ மொதல்ல பாத்துக்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

நடுப்பக்கத்தில் இருந்தது. வெளிச்சம் பட்டதாக நீ எழுதிய படம்.

அப்பா பெட்டிக்குள் படுத்திருக்கிறார். முகம் முழுக்க வெடிப்பு வெடிப்பாகக் கோடு. அம்மாவின் நெஞ்சிலிருந்து பருத்திச் செடி முளைத்திருக்கிறது. நான் தலைவிரி கோலமாக வாயைத் திறந்து அழுகிறேன், மாராப்பு விலகியதுகூடத் தெரியாமல். கீழே 'மண்ணுக்குத் திரும்புதல்', முதல் பரிசு பெற்ற படம் என்றும் உன் பெயரும் போட்டிருக்கிறது. பாளையம்பட்டியில் முடி வெட்டும் கடையில் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்களாம். மூன்று வாரமாக நான் பாளையம்பட்டி பக்கம் தையல் துணி வாங்கப் போகவில்லை.

பத்திரிகையை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீயாக எழுது.

தெரசாள்


சென்னை
10-9-1987

அக்கா,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், பார்த்துக்கொள்.

பிலிமில் வெளிச்சம் படவில்லை. பொய் சொன்னேன்.

நாலு நாளாக உனக்கு எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுருள் மாறிவிட்டது, அழுகையில் கவனிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். நீ அதை நம்பியிருப்பாய். எனக்குப் பரிந்து இன்னொரு கடிதம் எழுதியிருப்பாய். அதை நினைத்துத்தான் கிழித்தேன்.

அம்மா பார்த்தது சரி. அடுப்படியில் என் கையில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று புதுச்சுருள். மற்றது தெக்குக் காட்டை எடுத்து நுனி மடித்து வைத்தது. வெளியே பெட்டியைச் சாய்த்து வைத்து, எல்லோரையும் சுற்றி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ என்னைக் கூப்பிட்டாய். அந்த நேரத்தில் என் மண்டைக்குள், மேலே படிய வைக்க இத்தனை நாள் தேடியது இதுதான் என்று தோன்றியது. அப்பா செத்துக் கிடக்கிறார், எனக்கு அப்படித் தோன்றியது. ஒன்றிரண்டு படம் இதில் எடுத்துவிட்டுப் புதுச்சுருளை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆறு படம் எடுப்பதற்குள் சாமியார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். பெட்டியை மூடிவிட்டார்கள்.

தவறுதலாகப் போட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கேமராவில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். தெரியாமல் போட்டவன் எதற்குக் குறைப்பான்? சார் அதைத்தான் பாராட்டினார். "இரண்டும் சமமாப் படிஞ்சிருக்கு, துல்லியமான கணக்கு" என்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். சிரிக்கவும் செய்தேன்.

புதுச்சுருளில் பிறகு கடற்கரையில் குதிரை ஓட்டுகிறவனை எடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பரிசளிப்பன்று ஒரு பெரியவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "பெட்டியில் இருப்பது யாரப்பா?" என்று கேட்டார். பக்கத்தில் என்கூடப் படிப்பவர்கள் நின்றார்கள். டவுன் பிள்ளைகள். அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க் என்று அவர்களிடம் முதல் வருடமே சொல்லியிருந்தேன். "எங்க ஊர்ப்பக்கம் ஒரு கூலிக்காரர்" என்றேன். "அழும் பெண்கள்?" என்றார். "தெரியாது" என்றேன்.

அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது அக்கா. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வெட்கம் கெட்டுப்போய் இதையும் உன்னிடமே சொல்கிறேன்.

அம்மாவிடம் காட்டுவதும் மறைப்பதும் உன் இஷ்டம். எந்த முகத்தோடு வந்து நிற்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரின்ஸ்


எம்.ரெட்டியபட்டி
4-10-1987

பிரின்ஸுக்கு,

அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இதை வாசிக்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். எத்தனை நாளைக்கு அரிசிப் பானையைத் தூக்க விடாமல் பார்த்துக்கொள்வது?

வாசலில் உட்கார்ந்து கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பா முகத்தைக் கண்டுபிடித்ததும் பத்திரிகையை என் பக்கம் திருப்பினாள். "இந்தா இருக்காகளே! வரலன்னானே?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள். பிறகு முகத்தின் மேல் ஓடும் வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "இது தெக்குக் காடுல்ல?" என்றாள். முப்பது வருடம் களை எடுத்தவளுக்கு அந்த மண் தெரியாதா? நான் தலையாட்டினேன்.

"சாகுற வரைக்கும் அந்தக் காட்டுலயே கெடந்தாக. பெட்டிக்குள்ள படுத்த அன்னைக்குத்தான் அத விட்டு வந்தாக. இவன் திரும்பக் கொண்டுபோயி அங்கயே போட்டுட்டானே" என்றாள்.

அழவில்லை. பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

நீ மண்டபத்தில் சொன்ன பதிலை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ சொன்னது பொய்யாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன். அப்பா கூலிக்காரர்தான். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே அவரை யாரோ ஆக்கிவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கும் இதில் பங்கிருக்கிறது. சோலைச்சாமி அண்ணனைத் திருப்பி அனுப்பிய வாய் என்னுடையது. அவர் எடுத்திருந்தால் அப்பா முகம் இருந்திருக்கும்.

நீ இப்போது வர வேண்டாம். அப்பா முகத்தை மட்டும் அனுப்பு. மண் இல்லாமல், வெடிப்பு இல்லாமல். எப்படிச் செய்வாயோ தெரியாது, அத்தனை வித்தை படித்திருக்கிறாயே. கல்லறைத் திருநாளுக்குள் வேண்டும்.

தெரசாள்


சென்னை
24-10-1987

அக்காவுக்கு,

இத்துடன் அட்டைக்கு நடுவில் வைத்து ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். மடிக்காமல் எடு. அம்மாவின் வலி குறைந்ததாக எழுதியதை நாலு தடவை வாசித்தேன்.

அப்பா முகத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிளேடு முனையால் கறுப்பைச் சுரண்டி, வெளுத்த இடத்தை மெல்லிய பிரஷ்ஷால் மூடி, பிறகு அதையே மறுபடி படம் எடுத்தேன். பதினாறு நாள் ஆனது. எட்டுப் பிரிண்ட் கிழிந்தது. ஒரு வெடிப்பை எடுத்தால் கீழே அப்பாவின் சுருக்கம் வருகிறது. எது மண், எது அவர் என்று எனக்கே பல இடத்தில் புரியவில்லை. இடது காதோரம் ஒரு கோடு இருக்கிறது. அது தழும்பா வெடிப்பா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். உனக்குத் தெரியும்.

சட்டையும் கண்ணும் வரைந்தே அனுப்ப நினைத்தேன். சட்டை வரைய முடிந்திருக்கும். கண் வரவில்லை அக்கா. எத்தனையோ தடவை வரைந்தேன், ஒன்றும் அப்பா கண் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கண்ணை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வந்த அன்றைக்குக்கூட, அவர் காலில் ஒட்டியிருந்த கரிசலை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

சோலைச்சாமி அண்ணனிடம் கொடு. அவருக்கு அப்பாவைத் தெரியும்.

கூடப் படிப்பவர்களிடம் அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லிவிட்டேன். கேடயத்தைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

பிரின்ஸ்


எம்.ரெட்டியபட்டி
5-11-1987

தம்பி பிரின்ஸுக்கு,

படம் மடியாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் சுகம். இங்கே நல்ல மழை, அங்கேயும் பெய்கிறதா? நனைந்து மறுபடி ஜுரத்தை வரவழைத்துக்கொள்ளாதே.

சோலைச்சாமி அண்ணனிடம் நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கேட்க விடவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பையன் பொறுமையாச் சொரண்டியிருக்கான். கண்ணு நான் தொறந்து விட்டுர்றேன்த்தா, வேதநாயகம் அண்ணன் கண்ணு எனக்குத் தெரியும்" என்றார்.

அம்மாதான் தடுத்தாள். "வேண்டாம் தம்பி. அவுக அசந்து தூங்கி நான் பாத்ததே அன்னைக்கு ஒரு நாளுதான். முழிக்க வச்சா காட்டுக்குக் கெளம்பிருவாக" என்றாள். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். பிரேம் மட்டும் போட்டுக் கொடுத்தார்.

கல்லறைத் திருநாளன்று எல்லோர் படத்திலும் கண் திறந்திருந்தது. அப்பா மட்டும் கண் மூடியிருந்தார். செல்லக்கிளி மதினி காரணம் கேட்டாள். அம்மா மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டாள். இப்போது படம் அந்த ஆணியில் தொங்குகிறது.

இடது காதோரக் கோடு தழும்பு இல்லை தம்பி. அப்பாவுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. அம்மா அதைத் தூசி என்று நினைத்துக்கொண்டு தினமும் காலையில் முந்தானையால் துடைக்கிறாள். கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. வந்து நீயே அவளிடம் சொல்.

அக்கா,
தெரசாள்